வீட்டு எடை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, இடது கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. நீ, மாமா, அப்பா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

வாசலிலேயே கைப்பேசியைப் பிடுங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இங்கே வேலை முடியும்வரை அது அங்கேதான். இங்கே இருக்கும் பெரிய ஆண்டெனாவை எல்லாரும் கிண்ணம் என்றுதான் சொல்கிறார்கள். சனிக் கிரகத்தை நோக்கிப் போகும் நம் விண்கலம் குருவியின் முணுமுணுப்பை அது காது கொடுத்துக் கேட்க வேண்டும். பக்கத்தில் ஒருவன் வீட்டுக்குப் போன் போட்டாலே அதற்குக் காது அடைத்துப்போகுமாம். கேண்டீனில் மின் அடுப்புக்குக்கூட இரும்புக் கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். அலுவலகத் தொலைபேசி ஒன்று உண்டு. அதில் தும்மினால்கூடப் பதிவாகும், பத்துப் பேர் கேட்பார்கள். ஆகவே நமக்கு வியாழக்கிழமை சாமான் வேனும் தபால் பையும்தான் கதி.

ஆகஸ்ட் 19, காலை பதினொரு மணி. அன்றைக்குக் குருவி சனிக்கும் அதன் வளையத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் புகுந்து வெளியே வர வேண்டும். வளையத்தின் உள்விளிம்புக்கும் அதற்கும் எண்பது கிலோமீட்டர்தான் இடைவெளி. நொடிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு மணல் அளவு பனித்துகள் பட்டாலும் பன்னிரண்டு வருட உழைப்பு பொடிப்பொடி. ஊரில் எல்லாரையும் சனி பிடிக்கும், நான் ஒருவன்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு சனியைப் பிடிக்கப் போகிறேன்.

கிளம்பும்போது நம் இயக்குநர் பெரியவர் கூப்பிட்டு, "போன வருஷம் பழைய நிலையத்து ஆண்டெனாவை வேற பக்கம் திருப்பி அரை நாள் தகவலைத் தொலைச்சே. இன்னொரு தப்புன்னா நேரா வீட்டுக்குத்தான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை. செப்டம்பரில் அவர் ஓய்வு பெற்று நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகாவது என்னைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தச் சொல்.

பதில் போடு. பல்லுக்கு என்ன மருந்து என்றும் எழுது.

உன் தம்பி
(வழக்கமான படம் போட்டிருக்கிறேன், கையெழுத்தாக எடுத்துக்கொள்)


பிப்ரவரி 20

டேய் வாலு,

எல்லாரும் நலம். பல்லுக்கு மருந்து பல் டாக்டர். வேனில் ஏறிப் போய்ப் பார்.

முப்பத்தாறு வயதிலும் கையெழுத்துக்குப் பதில் வட்டம் போட்டு அதைச் சுற்றி வளையம் போடுகிறாயே, வெட்கமாக இல்லையா? வங்கியில் உன் காசோலை திரும்பி வந்தபோது மேலாளர் என்னிடம், "உங்க தம்பி சின்னப் பையனாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

நாற்காலியைப் பற்றி ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காதே. இருபத்திரண்டு வருடமாக "அட்டவணை அம்மா" என்று கூப்பிடுகிறார்கள். ஒரு வருடமாவது வேறு பெயரால் கூப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்த அறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் கீழே என் மேசையை எங்கே போடுவது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம். "அவன் வேலை பார்க்கிற கிரகத்துக்குத் தரையே கிடையாதாமே. தரை இல்லாம அவ்வளவு பெரிய உருண்டை எப்படி நிக்குது? காத்துன்னா கலைஞ்சு போகாதா?" என்று இரண்டு நாளாகத் துளைத்து எடுக்கிறார். நான் சொன்னால் நம்பமாட்டார். மகன் எழுதினால்தான் வேதவாக்கு. அவருக்குப் புரிகிற மாதிரி எழுது.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்கா,

பல் அப்படியே இருக்கிறது. மற்றபடி சுகம். அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டு.

அப்பா, சனியில் கால் வைக்கத் தரை கிடையாது என்பது நிஜம். மேலே வெறும் வாயு. ஆனால் வாயுவுக்கும் எடை உண்டு. மேலடுக்கு தன் கீழே இருப்பதை அழுத்தும், அது அதற்கும் கீழே இருப்பதை அழுத்தும். போகப் போக ஹைட்ரஜன் நசுங்கித் திரவமாகிறது. இன்னும் உள்ளே அது உருகிய உலோகம் மாதிரி நடந்துகொள்கிறது. யாரும் வெளியிலிருந்து இறுக்கவில்லை, தன் எடைதான் தன்னை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பூமியைப் போலத் தொண்ணூற்றைந்து மடங்கு எடை அது. அவ்வளவு எடை இழுக்கும்போது கலைந்து போக முடியாது. பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் நடு வயிறு மட்டும் கொஞ்சம் பிதுங்கி இருக்கும், நம் மாமா மாதிரி.

அக்கம்பக்கத்தையும் அதுதான் ஆட்டிப்படைக்கிறது. ஒரு நிலா ரொம்பக் கிட்டே போனால், அதன் இந்தப் பக்கத்தைப் பலமாகவும் அந்தப் பக்கத்தைக் குறைவாகவும் இழுத்துப் பிய்த்துவிடும். வளையம் அப்படிப் பிய்ந்த ஒரு நிலாவாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், சண்டை இன்னும் தீரவில்லை. தள்ளி நின்ற நிலாக்கள் பிழைத்துக்கொண்டன. அதில் டைட்டன் என்று ஒரு பெரிய ஆள். மற்ற நிலா எல்லாம் சேர்ந்தாலும் அதன் கால் தூசி பெறாது.

இதிலே எங்கள் வேலை என்னவென்றால், தூரத்திலிருந்து வரும் குருவிக்குச் சனியும் நிலாக்களும் சேர்ந்து ஒரே வீடு மாதிரிதான். எல்லாருடைய எடையையும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளியில் வைத்துக் கணக்குப் போட்டால் போதும். நிலாக்களைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டால் அது செல்லாது. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எவ்வளவு எடை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதனால் அக்காவின் பிரிவில் வீட்டு எடை, ஆள் எடை என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் சுருக்கமாக "வீ", "ஆ" என்று தலைப்பில் போட்டிருக்கும்.

புரியவில்லை என்றால் அக்காவைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

மகனும் தம்பியுமான நான்


ஏப்ரல் 17

தம்பிக்கு,

தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அதனால்தான் தாமதம். எல்லாரும் நலம்.

உன் கடிதத்தை அப்பா மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிதுங்கிய வயிற்று வரியை மட்டும் உன் மாமா இருக்கும்போது வாசிக்கச் சொன்னார். அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நான்காம் நாள் வட்டியோடு சாப்பிட்டுவிட்டார்.

அப்பா முப்பது வருடம் கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்த்தவர் அல்லவா, எடை என்ற சொல் காதில் விழுந்தால் விடுவாரா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எல்லாம் சரி. அவன் சொல்ற எடை பாத்திரத்தோடவா, பாத்திரம் இல்லாமலா? அதைக் கேட்டு எழுது. பாதிக் கடைச் சண்டை அதுலதான் வரும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒழுங்காகப் பார்த்துப் பதில் எழுது, இல்லாவிட்டால் என்னைத் தூங்கவிடமாட்டார்.

அக்கா


மே 8

அக்கா,

நீங்கள் எல்லாரும் நலம்தானே? என் பல்லை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

அப்பாவுக்கு ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துக் கதையை முடித்துவிடலாம் என்று உன் ஏழாம் அட்டவணையைத் திறந்தேன். பன்னிரண்டு வருடமாக எல்லாரும் அதிலிருந்துதான் எடுக்கிறோம், யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. சனியின் வரிசையில் தலைப்பு "ஆ" என்று இருக்கிறது. அதாவது ஆள் எடை, சனி மட்டும். எண்ணை எழுதிக்கொண்டு, சும்மா இருக்காமல் இங்கே அலமாரியில் இருக்கும் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டேன். நான்காவது இலக்கத்தில் உதைக்கிறது. நாலாயிரத்தில் ஒரு பங்கு அதிகம்.

அந்த நாலாயிரத்தில் ஒரு பங்கு என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது டைட்டனும் மற்ற நிலாக்களும்.

இரண்டு நாள் கையால் கணக்குப் போட்டேன். தலைப்பு "ஆ" என்று இருந்தாலும் உள்ளே இருப்பது வீட்டு எடை என்றால், குருவியின் பாதையில் நிலாக்களை இரண்டு தடவை கூட்டியிருக்கிறோம். அதுகூடப் பரவாயில்லை. வீட்டு எடையோடு வீட்டின் நடுப்புள்ளியும் அல்லவா வந்திருக்கும்? சனியின் நடுப்புள்ளி வேறு, டைட்டன் இழுத்துவைத்திருக்கும் அந்தப் புள்ளி வேறு. இரண்டுக்கும் நடுவில் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகஸ்ட் 19 அன்று டைட்டன் நிற்கும் பக்கத்தைப் பார்த்தால், குருவி சந்தில் நுழையும்போது நூறு கிலோமீட்டர் வெளிப்பக்கம் தள்ளிப்போகும். வளையத்துக்கு இடைவெளி எண்பது. எண்பதில் நூறு போகாது, அக்கா.

நான் தப்பாகப் போட்டிருக்கலாம். உன் எண் ஏதாவது புது அளவீடாக இருக்கலாம். அலுவலகக் கணினி வலையில் கேட்டால் அது அந்த நிமிடமே உன் பெயரில் குற்றச்சாட்டாகப் பதிவாகும், அதனால் இதில் கேட்கிறேன். உன் கையால் எழுதிய மூலத்தாளை எடுத்துப் பார். "வீ"யா, "ஆ"வா? ஒரே எழுத்துதான். அடுத்த வேனில் பதில் வேண்டும்.

தம்பி


மே 22

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். உன் பல் இப்போது எப்படி இருக்கிறது? கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்தாயா? கடைவாய்ப் பல்லை அலட்சியம் செய்யக் கூடாது, அது காதுவரை போகும்.

இங்கே குளியலறைக் கூரை ஒழுகுகிறது. குழாய்க்காரர் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் வேறு வேறு இடத்தில் உடைத்துவிட்டுப் போனார். கடைசியில் பார்த்தால் ஒழுகுவது மேல்வீட்டுத் தொட்டி. மேல்வீட்டு அம்மாள் சண்டைக்கு வருவாரோ என்று பயந்துகொண்டே போனேன், அவர் பாவம், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். உன் மாமா கூரைக்குக் கீழே வாளி வைத்துவிட்டு, அந்தச் சொட்டுச் சத்தத்துக்குத் தாளம் போடுகிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது. அப்பா பழைய தராசு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் எடை போட்டாயிற்று, என் செருப்பு உட்பட.

வேறு ஒன்று. பழைய புகைப்படங்களுக்குத் தேதி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் எங்கள் தட்டச்சு மேசையில் எந்தெந்த மாதம் உட்கார்ந்திருந்தாய்? நினைவிருந்தால் எழுது.

நீ கேட்டதைப் பார்க்கிறேன். அதுவரை யாரிடமும் வாய் திறக்காதே.

அக்கா


ஜூன் 5

அக்கா,

நலமா? கூரை நலமா? வாளி நலமா?

ஒரு எழுத்து கேட்டேன், நீ எனக்குக் குழாய்க்காரர் சரித்திரம் எழுதியிருக்கிறாய். கோபம் வருகிறது, மறைக்கவில்லை. "பார்க்கிறேன்" என்றால் என்ன அர்த்தம்? மூலத்தாள் உன் கட்டடத்தில், உன் மாடியில், உன் சாவியில் இருக்கிறது. போய்ப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும்.

குருவியின் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிடலாமே என்று நீ நினைத்தால், முடியாது. சனி இழுக்க இழுக்க அதன் சுருதி மாறும், அந்த மாற்றத்தை வைத்துத்தான் எடையைப் படிக்கிறோம். இப்போது அது நிலாக்களுக்கு வெளியே இருக்கிறது. வெளியே இருக்கும்வரை வீட்டு எடைதான் சரியான விடை, அதனால் எல்லாம் அட்டகாசமாகப் பொருந்துகிறது. இங்கே ஒவ்வொரு காலையும் கைதட்டுகிறார்கள், நானும் சேர்ந்து தட்டுகிறேன். டைட்டனைத் தாண்டி உள்ளே வந்த பிறகு சுருதி பிசகும். அப்போது கையில் ஒரு நாள்தான் இருக்கும். ஒரு சொல் போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம். ஒரு நாளில் பாதையைத் திருத்த முடியாது.

திருத்தக் கட்டளை போகக் கடைசி நாள் ஜூலை 28. அதைத் தயாரிக்க இரண்டு வாரம் வேண்டும். நீயே எண்ணிக்கொள்.

இன்னொன்று. "எல்லாரும் நலம்" என்று எழுதுவதை நிறுத்து. வீட்டு எடை மாதிரி எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிப் போட்டுவிட்டால், உள்ளே யாருக்கு என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆள் ஆளாகச் சொல்.

தட்டச்சு மேசையில் மார்ச்சும் ஏப்ரலும் இருந்தேன். இது இப்போது ரொம்ப முக்கியம்!

தம்பி


ஜூன் 26

அக்கா,

மூன்று வேன் வந்து போய்விட்டது. முதல் வேனில் வெங்காயம். இரண்டாவதில் விளக்குக் குழல். இன்றைக்கு வந்ததில் சோப்புப் பெட்டி. தபால் பையை நானே தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன், வேன்காரர் பரிதாபப்பட்டு அவர் வீட்டுக்கு வந்த கடிதத்தை என்னிடம் வாசிக்கக் கொடுத்தார்.

உனக்கு உடம்பு சரியில்லையா என்று முதல் வாரம் பயந்தேன். அலுவலக வலையில் உன் தினசரிக் கையொப்பம் ஒரு நாள் விடாமல் வருகிறது. அப்படியென்றால் நீ நன்றாகத்தான் இருக்கிறாய், எனக்குத்தான் எழுதவில்லை.

இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் இருந்தால் இன்னும் மோசம். அந்த நாற்காலிக்காகவா, அக்கா? கிழக்கு ஜன்னலுக்காகவா? செப்டம்பர் வரை ஓட்டிவிட்டால், குருவி போனாலும் வளையத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றா? அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டது நீ. பொய் சொன்னேன் என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்ததும் நீதான். அந்த அக்காவை எனக்குத் தெரியும். இந்த அக்கா யாரென்று தெரியவில்லை.

பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஜூலை 10 வேனில் அது போகும். நீயாகச் சொன்னால் உன் வாயால் சொன்னதாக இருக்கும். அதற்குத்தான் இந்த இரண்டு வாரம்.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

வீட்டு எடைதான். உன் கணக்கு சரி.

இன்று காலை பெரியவரிடம் சொல்லிவிட்டேன். மூலத்தாள் இப்போது கிடைக்கவில்லை, ஆனால் எண் வீட்டு எடை என்பது எனக்கு நிச்சயம் என்றேன். அட்டவணை என்னுடையது, "சரிபார்த்தேன்" என்ற கையெழுத்தும் என்னுடையது. அவர் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு பாதைப் பிரிவை அழைத்துவரச் சொன்னார். 20ஆம் தேதிக்குள் திருத்தம் தயாராகும், 28க்குள் போய்விடும்.

நாற்காலி வேறு ஒருவருக்கு. எனக்கு நூலகம். அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கிறது, மேற்கே பார்த்தது.

இழுப்பறையில் இருக்கும் கடிதத்தைக் கிழித்துப் போடு. இந்த விஷயத்தில் நீ யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது, எதையும் தோண்டக் கூடாது. நான் உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

பல் டாக்டரிடம் போ. எல்லாரும் நலம்.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பிழைத்தது! செய்தியில் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

பத்தே முக்காலுக்குக் குரல் நின்றது. குருவி தன் ஆண்டெனாத் தட்டை முன்பக்கம் கேடயமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் நம் பக்கம் பேச முடியாது. நாற்பது நிமிடம். அறையில் பதினெட்டுப் பேர், ஒருவர்கூட நாற்காலியைத் தள்ளவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் அந்தப் பல்லே உடைந்துவிட்டது. பதினொன்று இருபத்தைந்துக்கு ஒன்றும் இல்லை. இருபத்தாறுக்கும் இல்லை. இருபத்தேழுக்குத் திரையில் ஒரு சின்ன முள் எழுந்தது. கிண்ணத்துக்கு எண்ணெய் போடும் அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார். விளிம்புக்கு எண்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. பழைய பாதை என்றால் நேராகப் பனிக்குள்.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. தாமதமாகச் சொன்னாலும் நீயே சொன்னாய். தப்பை ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும். நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அப்பாவிடமும் சொல். நூலகம் அப்படியொன்றும் மோசமில்லை, நிறையப் படிக்கலாம்.

பாதி பல்லோடு,
தம்பி


செப்டம்பர் 4

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்றைய வேனில் விசாரணை அறிக்கை வந்தது, எல்லா நிலையத்துக்கும் ஒரு பிரதி. நாற்பது பக்கம். மூலத்தாள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தட்டச்சுப் பிரதியின் நகலைக் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். தட்டச்சு செய்தவர் யார் என்ற இடத்தில், "அடையாளம் தெரியவில்லை. தாளின் கீழ்ப்பகுதியில் கோப்பை வைத்த வட்டக் கறை ஒன்று மட்டும் காணப்படுகிறது" என்று போட்டிருக்கிறது.

அது கோப்பைக் கறை இல்லை. வட்டத்தைச் சுற்றி வளையம் இருக்கிறது. தேதி ஏப்ரல் 2.

நீ "வீ" என்றுதான் எழுதியிருப்பாய். நான் "ஆ" என்று அடித்திருக்கிறேன். இருபத்து நாலு வயது, சாப்பாட்டு மணி அடித்திருக்கும், பக்கத்து வரிசை எல்லாம் "ஆ" என்று இருந்திருக்கும், ஓடிவிட்டேன். மே மாதமே உனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் மாதத்தைக் கேட்டாய். நானும் பெருமையாக எழுதி அனுப்பினேன். "இன்னொரு தப்புன்னா வீட்டுக்கு" என்று பெரியவர் சொன்னதை உனக்கு எழுதியவனும் நான்தான். ஆறு வாரம் நீ என்னை மறைக்க வழி தேடிக்கொண்டிருந்தாய், நான் உன்னைத் திருடி என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் மன்னிப்பு வேறு. அக்கா, அந்த ஆகஸ்ட் கடிதத்தைத் தயவுசெய்து எரித்துவிடு.

பெரியவருக்கு எழுதி, படம் போட்டுக் கையெழுத்தும் போட்டு, வேன்காரர் கையில் கொடுத்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் உனக்கு எழுதியிருந்தால் நீ தடுத்திருப்பாய்.

தம்பி


செப்டம்பர் 11

டேய் வாலு,

எதுவும் எழுதாதே என்றேன். எந்த நாளில் என் பேச்சைக் கேட்டாய்?

மூலத்தாளில் "வீ" என்றுதான் இருந்தது. மே மாதம் அதை எடுத்து வந்து சமையலறையில் கிழித்துப் போட்டேன். பயந்தேன், அதுதான் உண்மை. உன்னைக் காட்டாமல் எண்ணை மட்டும் மாற்ற முடியுமா என்று ஆறு வாரம் பார்த்தேன். முடியவில்லை. அதற்குள் குருவி போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த விஷயத்தில் நீ கோபப்பட்டது நியாயம்தான். நாற்காலி என்று எழுதியதுதான் நியாயமில்லை. அதற்கு மட்டும் மூன்று நாள் அழுதேன்.

நேற்று பெரியவர் கூப்பிட்டார். மேசையில் உன் கடிதம். "ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு வந்து நிக்கிறீங்க. அறிக்கையைத் திருத்தணும். யார் தப்புன்னு ஒரு பேரைச் சொல்லுங்க" என்றார். அடித்தது அவன், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். இதில் யாருடையது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "ஆள் எடை கேட்காதீங்க சார். வீட்டு எடைன்னு போட்டுக்குங்க" என்றேன். கிழித்ததையும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். உன்னையும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். 18ஆம் தேதி வேனில் உன் பையோடு ஏறிக்கொள். நூலகத்தில் இன்னொரு மேசை போட இடம் இருக்கிறது.

ஆள் ஆளாகச் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். அப்பாவுக்கு வலது முழங்கால் மடங்கவில்லை, மாடி ஏறுவதில்லை. பாத்திரம் இல்லாமல் எவ்வளவு என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், நீயே வந்து சொல். உன் மாமாவுக்கு இடது காது மந்தமாகிவிட்டது, ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார். எனக்கு, நாற்காலி போனது வலிக்கிறது. தினமும் காலை அந்த அறையைத் தாண்டித்தான் நூலகத்துக்குப் போக வேண்டும். கதவு திறந்திருந்தால் வெளிச்சம் நடைவழிவரை விழுந்திருக்கும், அதை மிதிக்காமல் போகிறேன். உன்மேல் கோபம் இல்லை, ஆனால் வலிக்கிறது.

இப்போது உன்னைச் சொல். பல்லிலிருந்து ஆரம்பி.

அக்கா